தலைகீழாக ஏறிய கோடு

போன வருடம், பெங்களூரில் மழை பிடித்துக்கொண்ட சமயம். விவேக் நகரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பேக்கரி இருக்கிறது. அதன் மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பங்குச்சந்தை சார்ட் படிக்கக் கற்றுத்தரும் வகுப்பு நடந்தது. நானும் போய்ச் சேர்ந்தேன். கல்லூரிக்குப் போகும் மகள் இருக்கும் வயதில் மறுபடி மாணவி ஆனதில் எனக்கு ஒரே குஷி. கீழேயிருந்து பப்ஸ் வாசனை வரும், மேலே சுவரில் புரொஜெக்டர் வெளிச்சத்தில் கோடுகள் ஓடும். இரண்டுக்கும் சீக்கிரமே அடிமையாகிவிட்டேன்.

கற்றுத்தந்தவர் என்னைவிடச் சின்னவர். ஐ.டி. வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் டிரேடிங் செய்பவர். ஒரு பங்கின் விலை இதுவரை எப்படி ஏறி இறங்கியிருக்கிறது என்கிற படத்தை வைத்து, இனி எந்தப் பக்கம் போகும் என்று கணிப்பதுதான் பாடம். விழுகிற விலை எங்கே தாங்கி நிற்கிறதோ அது சப்போர்ட். ஏறுகிற விலை எங்கே முட்டிக்கொண்டு திரும்புகிறதோ அது ரெசிஸ்டன்ஸ். இந்த இரண்டு வார்த்தை தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீஸ் காரில் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் போகும்போது, தூரத்து அபார்ட்மென்ட்டுகளின் மொட்டைமாடிகள்கூட ஏறுமுகமாகத் தெரிந்தன. கணவர் தோசையைத் திருப்பிப் போட்டால், "பாருங்க, ரிவர்சல், திசை திரும்பிடுச்சு" என்பேன். பாவம், அவரும் சிரித்து வைப்பார்.

இந்தக் கூத்துக்கு நடுவில் மனசுக்குள் ஒரு முடிவு எடுத்திருந்தேன். வேலையை விட்டுவிட வேண்டும். வாடிக்கையாளர்கள் அனுப்பும் புகார்களுக்குப் பதில் எழுதும் பிரிவில் எனக்கு வேலை. வருடக்கணக்காக அதே நாற்காலி, அதே 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்'. வருந்தி வருந்தி எனக்கே என்மேல் வருத்தம் வந்துவிட்டது. ஆனால் வீடு ஓடிக்கொண்டிருந்ததே என் சம்பளத்தில்தான். கணவர் அப்போதுதான் சொந்தமாகக் கேட்டரிங் தொடங்கியிருந்தார், அது இன்னும் காலூன்றவில்லை. முழுநேர டிரேடிங்கில் இறங்கப்போகிறேன் என்று சொன்னபோது, உனக்குச் சரி என்று பட்டால் எனக்கும் சரி என்றார். சொல்லிவிட்டு, ஏற்கெனவே துடைத்த அடுப்பை மறுபடியும் துடைத்தார். பயப்படுகிறார் என்று தெரிந்தது. தெரியாத மாதிரி இருந்துகொண்டேன்.

வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. படிப்பு முடியும்போது ஒவ்வொருவரும் ஒரு பங்கின் படத்தைக் கொண்டுவந்து, அது ஏறுமா இறங்குமா என்று எல்லார் முன்னாலும் காரணத்தோடு சொல்ல வேண்டும். பெயரைப் பார்த்தால் அபிமானம் வரும், விலையைப் பார்த்தால் ஆசை வரும் என்பார் ஆசிரியர். அதனால் பங்கின் பெயர், ஓரத்திலிருக்கும் விலை எண்கள் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு வெறும் கோட்டை மட்டும்தான் காட்ட வேண்டும். நான் வீட்டிலும் லேப்டாப் திரையின் வலது ஓரத்தில் ஸ்டிக்கி நோட்டு ஒட்டி, அப்படியே பயிற்சி செய்து வந்தேன். வகுப்பு ஒத்துக்கொண்டால் மறுநாளே ராஜினாமா என்பது எனக்கும் என் மனசுக்கும் இருந்த ஒப்பந்தம்.

அந்த ஞாயிறும் வந்தது. என் லேப்டாப்பைப் புரொஜெக்டரில் மாட்டி, எண்கள் விழும் இடத்தில் சுவரிலேயே ஒரு சார்ட் பேப்பரை ஒட்டினேன். படிப்படியாக ஏறும் அழகான கோடு. எங்கெல்லாம் தாங்கியது, எங்கே முட்டியது, முட்டியதை எப்படி உடைத்தது என்று விளக்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆசிரியரும் ஆட்டினார். எனக்கு வாயெல்லாம் பல்.

பக்கத்து இருக்கையில் எப்போதும் ஒரு பல் டாக்டர் அம்மா உட்காருவார். கன்னடக்காரர், என் வயதுதான், வாராவாரம் டப்பாவில் சக்லி, அதாவது அவர்கள் ஊர் முறுக்கு, கொண்டுவருவார். அவர் மட்டும் தலையாட்டவில்லை. எக்ஸ்ரே படத்தைக் கையில் எடுத்தால் எது வலது, எது இடது என்று பார்க்காமல் வாயே திறக்கமாட்டாராம். அந்தப் பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது.

"ஒந்து நிமிஷம் ரீ, ஒரு நிமிஷங்க, அந்தப் பேப்பரக் கொஞ்சம் எடுங்க" என்றார்.

எடுத்தேன். சின்ன எண்கள் மேலே, பெரிய எண்கள் கீழே. படம் தலைகீழாக இருந்தது.

அந்தச் செயலியில் படத்தைக் கவிழ்த்துப் பார்க்க ஒரு வசதி உண்டு. எப்போது எந்தப் பட்டனைத் தட்டினேனோ, தெரியாது. எண்களைத்தான் மறைத்துவிட்டேனே, எப்படித் தெரியும்? நான் ஏறுகிறது, ஏறுகிறது என்று மாய்ந்து மாய்ந்து சொன்ன பங்கு, மாதக்கணக்காகச் சரிந்துகொண்டிருந்த பங்கு. மாடி முழுக்கச் சிரிப்பு. தானும் தலையாட்டியதை நினைத்து ஆசிரியர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். நானும் அசடு வழியச் சிரித்தேன்.

ஆசிரியர் படத்தை நேராக்கிவிட்டு, இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இவ்வளவு விழுந்தாயிற்று, இதோ இங்கே தாங்குகிறது, இனி ஏறத்தான் செய்யும் என்று அதே உற்சாகத்தோடு விளக்க ஆரம்பித்தேன். பாதியில் பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அமைதியாகிவிட்டார்கள்.

டாக்டர் அம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்து, எனக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகக் கேட்டார்.

"எப்பிடிப் போட்டாலும் ஏறும்னே சொல்றீங்க. உங்களுக்கு ஷேர் ஏறணுமா, இல்ல அந்த வேலையிலருந்து எறங்கணுமா?"

முகத்தில் ஈயாடவில்லை எனக்கு. வேலையைப் பற்றிச் சக்லி தின்றபடி வாராவாரம் நான் புலம்பியதையெல்லாம் அவர் கேட்டிருக்கிறார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவமானத்தால் இல்லை, யாரோ ஒருவர் சரியான இடத்தில் தொட்டுவிட்டார் என்பதால். டாக்டர் அல்லவா, எந்தப் பல் வலிக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்.

மறுநாள் மேலாளரிடம் போனேன், ராஜினாமா செய்வதற்காக இல்லை. புகார்ப் பிரிவு போதும், புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். அங்கே ஆள் இல்லாமல்தான் தவித்துக்கொண்டிருக்கிறோம், இதை இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். வீட்டில் சொன்னேன், அன்றைக்குக் கணவர் கிண்டிய கேசரியில் முந்திரி தாராளமாக இருந்தது.

அந்தப் பங்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ரொம்ப நாள் அப்படியே படுத்துக் கிடந்தது, தலைகீழாகப் பார்த்தாலும் நேராகப் பார்த்தாலும் ஒரே மாதிரி.

டிரேடிங்கை நான் விடவில்லை, இப்போதும் சின்ன அளவில் செய்கிறேன். ஆனால் எதையாவது பார்த்த மாத்திரத்தில் மனசு 'ஆமாம், ஆமாம்' என்று அவசரப்பட்டால், அந்த அம்மாவின் கேள்வி காதில் விழுகிறது. மேலாளரிடம் ஒரே நிமிடத்தில் கேட்டிருக்க வேண்டியதை எத்தனை மாதம் ஒரு கோட்டிடம் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் நடுக்கமும் வருகிறது.