மூன்று ஓலையில் மூன்று மாப்பிள்ளை

கொழும்பில் எங்கள் இந்திய ஹைகமிஷனர் ஆபீசுக்கு எதிரே பாண் விற்கும் சிங்களக் கிழவர் தினமும் காலையில் என்னைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிடுகிறார். பாண் என்றால் இங்கே ரொட்டி. தலைப்பாகை, சிவப்புப் பட்டை, பித்தளை வில்லை எல்லாம் வாசலில் நிற்கும் டவாலியான என் மேல். எங்கள் துரையோ கதர் ஜிப்பாவில் யாரோ குமாஸ்தா மாதிரி காரிலிருந்து இறங்கிப் போகிறார். "ஹைகமிஷனர் நான் இல்லை, அவர்தான்" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஒருநாள் சொன்னேன். கிழவர் என் அடக்கத்தை மெச்சி இரண்டு பணிஸ், அதாவது பன், கூடுதலாகக் கட்டிக் கொடுத்தார். வேண்டாம் என்று வாதாடுகிற அளவுக்கு எனக்குச் சிங்களம் வராது.

இந்தப் பதவியின் சரித்திரம் ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியாது. தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்களின் குறைகளைக் கேட்க, இந்திய சர்க்கார் முதலில் கண்டியில் ஓர் ஏஜெண்டை வைத்திருந்தது. திண்டிவனத்திலிருந்து போன நான் அவர் வாசலில்தான் டவாலி கட்டினேன். யுத்த காலத்தில் கொழும்பில் ரெப்ரசன்டேடிவ் என்று அதைவிடப் பெரிய பதவி உண்டாயிற்று. என்னை அங்கே மாற்றினார்கள். சுதந்திரம் வந்தபின் அந்த இடத்தில் ஹைகமிஷனர் வந்தார். மூன்று பதவிக்கும் கதவு திறந்துவிட்டவன் நான். கதவு திறக்கும் விதத்தில் மட்டும் ஒரு முன்னேற்றமும் இல்லை.

இந்தச் சரித்திரம் என் கல்யாணத்துக்கே உலை வைக்கப் பார்த்தது. விழுப்புரத்தில் மேரி என்ற பெண்ணைப் பேசி முடித்திருந்தார்கள். எங்கள் கத்தோலிக்க வேதத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று. தடை தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்ல வேண்டும். முதல் ஞாயிறு, என் அப்பா சொன்னபடி, 'கண்டி ஏஜெண்ட் ஆபீஸ் அந்தோணி' என்று வாசித்தார்கள். பிறகு என் கொழும்புப் பங்குக் கோயிலிலிருந்து ரெப்ரசன்டேடிவ் காலத்துப் பழைய சர்டிபிகேட் போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரம் 'ரெப்ரசன்டேடிவ் ஆபீஸ் அந்தோணி'. நானே எழுதிய கடிதம் கிடைத்து மூன்றாம் வாரம் 'ஹைகமிஷனர் ஆபீஸ் அந்தோணி'. எங்கள் ஜனங்களில் அந்தோணி என்று கூப்பிட்டால் பாதி கோயில் திரும்பிப் பார்க்கும். ரயில்வேயில் கலாசியாக இருந்த மேரியின் தாய்மாமன் சவரிமுத்து பூசை முடிந்ததும் நேரே போய்த் தடை சொல்லிவிட்டார்.

"மூணு வாரமா மூணு அந்தோணிக்கு ஓலை வாசிச்சிக்கினு இருக்கிறீங்களே சாமி, எங்ககிட்ட ஒரே பொண்ணுதானே இருக்குது!"

மறுநாள் திங்கட்கிழமை நான் போட் மெயிலில் போய் இறங்கினேன். புதன்கிழமை தபசுகாலம் தொடங்குகிறது. தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை கல்யாணம் கிடையாது. என் லீவோ ஒரு வாரம். சாமியார் எல்லோரையும் கோயிலுக்கு வரச் சொன்னார். மூன்று அந்தோணியும் நானேதான் என்று புரியவைப்பதற்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது.

"பேரு மாறிக்கினே போவுதே தம்பி. தூதருன்னு ஒரே பேரா வெச்சா இன்னா?" என்றார் சவரிமுத்து.

"ரெண்டு தேசத்துக்கும் இன்னும் ஒரே இங்கிலீஷ் ராஜாங்க. அதனால தூதருன்னு சொல்ல மாட்டாங்களாம்."

"சரிதான். அண்ணன் வூட்லேர்ந்து தம்பி வூட்டுக்கு ஆள் அனுப்பினா தூதுன்னா சொல்றோம்?" என்றார். எங்கள் ஆபீசில் ஒருவரும் இத்தனை சுலபமாக விளக்கியதில்லை. எனக்கு உயிர் வந்தது. அவர் விடவில்லை: "ஆனா ஒண்ணா இருந்தா ஆளே அனுப்ப மாட்டாங்களே. தனித்தனி அடுப்பு வெச்சாச்சுன்னுதானே அர்த்தம்? எங்க பொண்ணு எந்த அடுப்பாண்ட குந்தும்?"

நிஜமாகவே பயந்துபோனேன். தூணுக்குப் பின்னாலிருந்து மேரியின் குரல் வந்தது.

"தடையை வாபஸ் வாங்கிக்குங்க மாமா. எந்த அடுப்பா இருந்தாலும் நான்தானே ஊதணும்?"

செவ்வாய்க்கிழமை தாலி கட்டினேன். பதிவேட்டில் என் உத்தியோகத்துக்கு நேரே சாமியார் வெறும் 'டவாலி' என்று எழுதி நிறுத்திக்கொண்டார். எந்தத் துரையின் டவாலி என்று எழுத அவருக்குத் தைரியம் இல்லை.

ஒரு வாரத்தில் தனுஷ்கோடியில் கப்பல் ஏறினோம். மேரி அழவில்லை, அதுவே எனக்குச் சங்கடமாக இருந்தது. தலைமன்னார் கரை தெரிந்ததும் என்னை அறியாமல், "அதோ பாரு, நம்ம ஊர் வந்துடுச்சு" என்றேன்.

மேரி சட்டென்று திரும்பி, தனுஷ்கோடி இருந்த பக்கம் பார்த்தாள்.