மணலில் விழுந்த தோடும் சின்னக் காயிலும்

அரபு நாட்டுச் சத்வா பகுதி வாழ் தமிழ்ப் பெருமக்களுக்கு அறிவிப்பு: இன்று முதல் நான் தங்க வேட்டைக்காரன்.

போன வாரம் பாலைவன பிக்னிக்கில் அம்மாவின் தோடு மணலில் விழுந்துவிட்டது. அதைத் தேட மெட்டல் டிடெக்டர் வாடகைக்கு எடுக்கப் போனேன். அதன் அடியில் மணலைத் தடவும் வட்டத் தட்டுக்குப் பெயர் காயிலாம்; பெருசா, சின்னதா என்று கேட்டார் கடைக்காரர். எனக்குத் தெரிந்த ஒரே காயில் கொசுவர்த்திதான். இருந்தாலும் கெத்தாக, "பெரிய காயிலா மாட்டுங்க பாய்" என்றேன்.

கடைக்காரர் சிரித்தார். "தம்பி, பெருசு ஆழத்துக்கு. தோடு மாதிரி பொடிசுக்குச் சின்னதுதான் சரி. யல்லா, கிளம்புங்க."

பிக்னிக் போன அதே மணலில் கால் வைத்த இடமெல்லாம் டிடெக்டர் பீப். "அம்மா, இது தங்கச் சுரங்கம்மா!" என்று கத்திக்கொண்டே குழி குழியாகத் தோண்டினேன்.

அம்மா சொன்னாங்க: "டேய், முதல்ல உன் காலைப் பாருடா."

தேளுக்குப் பயந்து அப்பா கட்டட வேலைக்குப் போடும் சேஃப்டி ஷூவை மாட்டியிருந்தேன். அதன் முனையில் இரும்பு.

நாளைக்குச் செருப்போடு போகிறேன். தோடு இல்லாமல் திரும்ப மாட்டேன்.

தேளுக்குப் பயப்படாத யாராவது முன்னால் நடக்க வர்றீங்களா?