அமராவதி தொட்டி

அமராவதி என்கிற பேர் பரிமளா காதில் முதல்முதலாக விழுந்தது, அவள் கல்யாணமாகி திருக்கோகர்ணத்திலிருந்து அன்னவாசல் பக்கம் வந்த மூணாம் நாள். புருசன் உடையப்பன் ஒன்றும் அந்நியமில்லை. அவள் ஆத்தாவுக்குத் தாய்மாமனுடைய மகள் வயிற்றுப் பேரன். மாட்டுக்குத் தண்ணி ஊற்றக் குடத்தோடு போனவளிடம் மாமியார் சொன்னாள்: "பாத்து ஊத்து. அது அமராவதி தொட்டி."

அமராவதி உடையப்பனுக்கு அக்கா. கட்டினவன் போய்ச் சேர்ந்த பிறகு கல்குவாரியில் பதினெட்டு வருசம் கல் புரட்டியவள். ஒரு மாசக் கூலிக்குப் பதிலாகக் கேட்டு வாங்கினது அந்தக் கருங்கல் தொட்டி. வைக்க இடமில்லாமல் தம்பி வாசலில் போட்டிருந்தாள்.

போன வருசம் தெருவுக்கு அந்தப் பக்கம் அவளுக்கு மனைப் பட்டா கிடைத்தது. மாடும் ஒன்று வாங்கிவிட்டுத் தொட்டியைக் கேட்டாள். உடையப்பன் அப்போது காம்பவுண்டு கட்டிக்கொண்டிருந்தான். தெருப்பக்கம் ஒரு வண்டி அகலம்தான் பாக்கி. அதையும் குறுக்கி, ஆள் நுழைகிற அளவுக்குச் சின்ன கேட் போடப்போகிறான்.

"வெள்ளிக்கிழமை அடைச்சிருவேன். அப்பறம் உள்ள கெடக்குறது என்னுது. டிராக்டரு, ஜேசிபி எதுவும் நுழையக்கூடாது. கூட ஆளும் வரக்கூடாது. ஒத்தையா இழுத்துட்டுப் போறதுன்னா போ" என்றான்.

"ஆகட்டும்" என்றாள் அவள்.

வியாழக்கிழமை காலையில் தேங்காய்நார் வடக்கயிறு, கடப்பாறை, நாலு தைலமர உருளை, ஒரு உலக்கை, ரெண்டு முட்டுக்கட்டையோடு வந்து இறங்கினாள். மத்தியானம் வரைக்கும் தொட்டியைத் தொடவே இல்லை. கயிற்றை விரித்துப் போட்டு, சாண் சாணாக விரலால் தடவிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் பிரி நைந்திருந்தது. அந்தத் துண்டை அறுத்து எறிந்துவிட்டு, பிரியோடு பிரி கோத்து முறுக்கினாள். உருளைகளின் கணுவைச் சீவினாள்.

"அக்கா, கயிறு திரிக்க வந்தியா, கல்லு இழுக்க வந்தியா?"

"ரெண்டுக்குந்தான்."

"அந்தா முருங்கை நிக்கிது. அதுல கட்டி இழு."

"மொதல்ல நீ அதுல ஏறி ஒக்காந்து காட்டு. தாங்குச்சுன்னா கட்டுறேன்."

பரிமளா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

வெயில் தாழ, கடப்பாறையால் ஒவ்வொரு மூலையாக நெம்பிக் கல்லைச் செருகி, அடியில் உருளை கொடுத்தாள். தெருவுக்கு அந்தப் பக்கம் தன் மனையில் நின்ற வேம்புக்கும் தொட்டிக்குமாகக் கயிற்றை இரட்டையாகக் கட்டி, நடுவில் உலக்கையை நுழைத்து முறுக்கினாள். முறுக்கு ஏற ஏறக் கயிறு குட்டையானது. தொட்டி ஒரு சாண் நகர்ந்தது. பின்னால் முட்டுக்கட்டை வைத்தாள். முறுக்கைப் பிரித்து, கயிற்றை இழுத்துக் கட்டி, மறுபடியும் உலக்கை.

பரிமளாவுக்குப் பொறுக்கவில்லை. "மதினி, அந்தக் கட்டையவாச்சும் எடுத்துத் தரவா?"

"தொட்டுறாத தாயி. நீ தொட்டா, இவுக வீட்டு ஆளு இழுத்துவிட்டதாப் போயிரும்."

பொழுது சாயும்போது தொட்டி சுவரின் திறப்புக்கு நடுவில் வந்து நின்றது. ரெண்டு பக்கமும் முட்டுக்கட்டை அடித்துவிட்டு, உலக்கையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை செம்மல் என்கிற கொத்தனார் கலவையோடு வந்து நின்றார். செங்கல் வைக்க இடமில்லை.

"அக்கா, இதை நகத்து. கொத்தனாரு காத்துக்கெடக்குறாரு."

"நகத்திக்கிட்டுத்தான இருக்கேன். அவசரம்னா ஆளக் கூப்பிட்டுத் தள்ளு." பிறகு தானே சொன்னாள்: "ஆளு வரக்கூடாதுன்னு யாரோ சொன்னாகளே."

செம்மல் தன் கலவைச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்தார். "நீங்க மெதுவா இழுங்கத்தா."

அவளும் மெதுவாகத்தான் இழுத்தாள். உச்சிவெயிலுக்குத் தொட்டி தெருவைக் கடந்தது.

அமராவதி இப்போது உடையப்பன் வீட்டுக்கு எதிர்மனையில் தகரக் கொட்டகை போட்டு, தன் மாட்டோடு இருக்கிறாள்.