படகு வண்டிக்கு ஏர் எடுத்த நாள்

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் சாலையை ஒட்டி எங்கள் வீடு. வீட்டுக்கு முன்னால் என் பிரேக் ஒர்க்‌ஷாப். ஒர்க்‌ஷாப் என்றால் ஒரு தகரக் கூரை, ஒரு மேஜை, சுவரில் மாட்டிய ஸ்பானர்கள், அவ்வளவுதான். வேலைக்கு ஆள் வைத்ததில்லை. பிரேக்கில் ஏர் எடுப்பதற்கு மட்டும் இன்னொருவர் கட்டாயம் வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அந்த இன்னொருவர் என் மனைவிதான்.

பிரேக் ஆயில் போகிற குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. மிதிக்கிற பலத்தையெல்லாம் அந்தக் காற்றே வாங்கிக்கொள்ளும். அதை எடுக்க, ஒருவர் பெடலை மிதித்து அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவர் சக்கரத்தின் பின்னால் படுத்து, அங்கே இருக்கும் சிறிய நிப்பிளைத் திறந்தால் ஆயிலோடு குமிழ்களும் வெளியே வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும். முந்தி விட்டால் வெளியே வந்த காற்று மறுபடி உள்ளே ஏறிவிடும்.

அவள் ஒருநாளும் முந்தி விட்டதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்தவள். தறிச் சத்தத்துக்கு நடுவே சைகையிலேயே பேசிப் பழகியவள் என்பதால் நான் குரல் கொடுப்பதற்கு முன்பே வண்டிக்கு அடியிலிருந்து நான் நீட்டும் கையைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். அடுப்பைத் தணித்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்வாள். நான் வண்டிக்கு அடியில் கிடக்க, அவள் மேலே இருந்துகொண்டு மகளின் காலேஜ் பற்றியும் பக்கத்து வீட்டுச் சண்டை பற்றியும் சொல்லிக்கொண்டே மிதிப்பாள். எங்கள் பேச்சில் பாதி அப்படித்தான் நடந்தது.

நாலு வருடத்துக்கு முன்பு ஆனி மாதத்தில் ஒருநாள் காலையில், ஒரு ஜீப் பின்னால் டிரெய்லரை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றது. டிரெய்லரில் நீலப் பெயின்ட் அடித்த ஃபைபர் படகு. எங்கள் ஊரில் படகைப் பார்ப்பது அபூர்வம். தெருவே கூடிவிட்டது. வேம்பார் பக்கத்துக் கடற்கரைக்காரர் ஒருவர் இறங்கினார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கொல்லத்தில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்குப் படகைக் கொண்டுபோகிறாராம்.

"கழுகுமலை தாண்டுனதுல இருந்து ஜீப்ப முன்னால தள்ளுது அண்ணாச்சி. நான் பிரேக் அடிச்சா ஜீப்பு நிக்கி, டிரெய்லர் நிக்க மாட்டேங்கு. செங்கோட்டை தாண்டி மலையில இறங்கணும்லா, பயமா இருக்கு" என்றார்.

அந்த டிரெய்லருக்குப் பெடல் கிடையாது. முன்னால் போகிற ஜீப் வேகம் குறைந்தால் டிரெய்லர் முன்னோக்கி முட்டும். அந்த முட்டுதலே கொக்கியில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரை அமுக்கிச் சக்கரங்களுக்கு ஆயிலை அனுப்பும். சக்கரத்தைக் கழற்றினேன். படகைத் தண்ணீரில் இறக்க ஒவ்வொரு முறையும் டிரெய்லரையும் கடலுக்குள் விட்டிருக்கிறார்கள். உப்பு ஏறி பிரேக் டிரம் முழுக்கத் துரு. இடது சக்கரத்தில் பிரேக் சிலிண்டர் இறுகிப்போய்க் கிடந்தது. அதைத் தட்டிக் கழற்றி, தேய்த்துச் சுத்தம் செய்து, புது ரப்பர் போட்டு மாட்ட மதியமாகிவிட்டது.

பிறகு ஏர் எடுக்க அவளைக் கூப்பிட்டேன். மிதிக்கப் பெடல் இல்லாததால் கொக்கியில் ஒரு கம்பியை நெம்புகோலாக வைத்துக் கொடுத்தேன். அதை இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் சக்கரத்தடியில் படுத்தேன்.

முதல் தடவை குமிழ் வந்தது. சரிதான். பத்தாவது தடவையும் குமிழ் வந்தது. இருபதாவது தடவையும் வந்தது. எங்கோ காற்று உறிஞ்சுகிறது என்று நினைத்து நிப்பிளை மாற்றினேன். குழாய் முழுக்கக் கையால் தடவிப் பார்த்தேன். மாஸ்டர் சிலிண்டரையே பிரித்து மறுபடி கோர்த்தேன். வெயில் தகரத்தில் இறங்கிக் கொதித்தது. எதுவும் சரியாகவில்லை.

நான்காவது சுற்றில், நான் நிப்பிளை மூடுவதற்கு முன்பே அதில் மாட்டியிருந்த ட்யூபில் ஆயில் பின்னோக்கி ஏறுவதைப் பார்த்தேன்.

"ஏட்டி, விடாத! மூடுனதுக்குப் பெறவு விடுன்னு எத்தன மட்டம் சொல்லுதேன்?"

"விடலியே. பிடிச்சிக்கிட்டுத்தான இருக்கேன்."

"பிடிச்சா இப்படி வருமா? புத்திய எங்கன வச்சிருக்க?"

தெருவில் ஆட்கள் நிற்கும்போது நான் அவளை அப்படிப் பேசியதில்லை. அவள் மறுபடி இழுத்தாள். மறுபடியும் அதேதான். படகுக்காரர் சங்கடப்பட்டு, "தங்கச்சி உள்ள போகட்டும் அண்ணாச்சி, நான் பிடிக்கேன்" என்று கம்பியை வாங்கிக்கொண்டார்.

பத்தே நிமிடத்தில் முடிந்தது. குமிழில்லாமல் சுத்தமான ஆயில் வந்தது, பிரேக் கல்லாகப் பிடித்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி அவளிடம், "பாத்தியா, இதுக்குத்தான் ஆம்பளக் கை வேணுங்கது" என்றேன். கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. தன் வலது கையை விரித்து மூடிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள்.

அன்று சாயங்காலம் சாப்பாடு போடும்போது சொன்னாள். "ஒரு மாசமா இந்தக் கை சரியில்லைங்க. துணி பிழிய முடியல. பீரோ சாவி திரும்ப மாட்டேங்கு. உங்ககிட்ட சொல்லணும்னு நெனச்சேன்."

பெடல் மிதிக்கக் கால் போதும். காலில் ஒரு குறையும் இல்லை. அதனால்தான் அந்த ஒரு மாதமும் வேலையில் எனக்கு எதுவும் தெரியவில்லை. மதியத்திலிருந்து நிப்பிளிலும் குழாயிலும் நான் தேடிய கோளாறு அவள் மணிக்கட்டில் இருந்திருக்கிறது. ஆனால் அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. சத்துக் குறைவாக இருக்கும் என்று சொல்லி எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

எண்ணெயும் ஊசியும் மாத்திரையுமாக மூன்று மாதம் போனது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருந்த சதை வற்றிக் குழி விழுந்தது. திருநெல்வேலியில் நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் தன் இரண்டு விரலை நீட்டி இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். அவள் பிடித்தாள். அவர் சாதாரணமாக உருவிக்கொண்டார்.

"இன்னும் நல்லா இறுக்கிப் பிடிங்கம்மா."

"பிடிச்சிக்கிட்டுத்தான் சார் இருக்கேன்."

நான் நாற்காலியில் இருந்து எழுந்து வெளியே வந்துவிட்டேன். டாக்டர் பிறகு என்னை உள்ளே கூப்பிட்டுச் சொன்னது முழுதாகக் காதில் ஏறவில்லை. கையில் தொடங்கியது காலுக்கும் நாக்குக்கும் போகும், நிறுத்த மருந்து இல்லை என்பது மட்டும் புரிந்தது. அவளிடம் என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, திரும்பி வரும் பஸ்ஸில், "தேறாதுன்னு சொல்லிட்டாருல்லா?" என்று அவளே கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தாள். முதல் வருடம் சுவரைப் பிடித்து நடந்தாள். மகள் கோயம்புத்தூரில் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தாள். பேச்சு குழறத் தொடங்கியபோது, இனி தாமதித்தால் முடியாது என்று ஒருநாள் மகள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அன்னைக்குப் படகு வந்த அன்னைக்கு, எல்லார் முன்னாலயும் நான் அப்படிச் சொல்லியிருக்கப்படாது."

அவள் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் கேட்டாள். "அவரு... மலை... இறங்கிட்டாரா?"

இத்தனை நாளில் எனக்கு அது தோன்றவேயில்லை. படகுக்காரர் நம்பர் பழைய டைரியில் இருந்தது. அவள் முன்னாலேயே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "பிரேக்கா? நல்லாப் பிடிச்சுது அண்ணாச்சி, மலையில ஒரு பயமும் இல்ல. தங்கச்சி சொகமா இருக்காங்களா?" என்று அவர் கேட்டார். இருக்கிறாள் என்று நான் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. மனதில் அது ஒரு குறையாக அவளுக்கு இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. கேட்க நினைத்தபோது அவளால் பேச முடியவில்லை.

போன ஐப்பசியில், மழை பெய்த ஒரு விடிகாலையில் போய்விட்டாள். கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த மகள் திரும்பிப் பார்த்தபோது மூச்சு இல்லை.

பதினாறு முடிந்த மறுநாள் ஒர்க்‌ஷாப்பைத் திறந்தேன். ஒரு ஸ்கூல் வேன் வந்தது. பின் சக்கரத்தில் ஒரு சத்தம், அவ்வளவுதான்; ஏர் எடுக்கிற வேலை இல்லை. மதியத்துக்குள் முடித்துக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தேன். மகள் சோறு போட்டாள். இரண்டு பேரும் சமையல்கட்டில் தரையில் உட்கார்ந்தோம். வெளியே யாரோ ஹாரன் அடித்துக் கூப்பிட்டார்கள். "நீங்க சாப்பிடுங்கப்பா, நான் பாத்துட்டு வாரேன்" என்று அவள் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போனாள்.