குனிந்தால் கல்லா, பந்தா?

பருத்தித்துறையில் நாயைக் கயிற்றில் கட்டி நடத்திக்கொண்டு போவது லேசான காரியம் இல்லை. நாய்க்கு ஒன்றுமில்லை, அது பாட்டுக்கு நடக்கும். எனக்குத்தான் வாய் நோகும். எங்கள் வீட்டுப் படலையில் இருந்து கடற்கரை வரைக்கும் ஆளுக்காள் மறித்துக் கேள்வி கேட்பார்கள். வந்த முதல் நாளே, சைக்கிளின் பின்னால் மீன்பெட்டி கட்டி வந்த ஒருவர் காலை ஊன்றி நின்றுவிட்டார்.

"தங்கச்சி, உது நாயோ, அணிலோ?"

"நாய்தான் அண்ணை."

"அப்ப ஏன் கட்டிக்கொண்டு போறியள்? விசர் பிடிச்சிட்டுதோ?"

"இல்லை, உலாத்தக் கூட்டிக்கொண்டு போறன்."

மனுசன் நாயை மேலும் கீழும் பார்த்தார். "நாயை ஏன் தங்கச்சி நாங்கள் உலாத்தவேணும்? அது தன்ரை பாட்டிலை உலாத்தும்தானே" என்று சொல்லிவிட்டு, விசர் நாய்க்கா எனக்கா என்பதுபோல் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். மறுநாளும் அவரே வந்தார், அதே கேள்வியையே கேட்டார்.

நாயின் பெயர் டொஃபி. யோர்க்ஷயர் டெரியர் என்று அதன் இனத்தைச் சொல்வார்கள். ஒரு நல்ல பப்பாசிப்பழம் அளவு இருப்பான், அதிலும் பாதி சடை. கனடாவில், ஸ்காபரோவில், என் மனுசன் கண்ணை மூடிய பிறகு நான் சுவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன் என்று என் மகள் ஷாமினி வாங்கித் தந்த நாய். நாய் வளர்க்க நான் என்ன வெள்ளைக்காரியா என்று முதல் கிழமை அவளைத் திட்டினேன். இரண்டாம் கிழமை அவன் என் போர்வைக்குள் படுத்தான். அதற்குப் பிறகும் திட்டு வாங்கியது ஷாமினிதான், நாய்க்குச் சாப்பாடு வைக்க மறந்ததற்காக.

பாண் சுடுகிற தொழிற்சாலையில் நின்று நின்று கால் வீங்கி, ஒருவழியாக ஓய்வு பெற்றபோது எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. பாதி வருசம் ஊரில் அண்ணையுடன், பாதி வருசம் அங்கே மகளுடன். குளிருக்கு இங்கே, வெயிலுக்கு அங்கே. ஆனால் டொஃபியை விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. கடைசியில் ஷாமினி ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். "அம்மா, டொஃபிக்கு அங்கை ஏதும் நடந்தால் நீங்கள் உடனை திரும்பி வரவேணும். பேந்து ஊருக்குப் போற கதையே கதைக்கக்கூடாது." ஓம் என்று தலையாட்டினேன். நாய்க்கு ஊசி, கடுதாசி, கூடு என்று எல்லாம் ஒழுங்குபண்ணி விமானம் ஏற்றிய கூத்தைச் சொல்ல வெளிக்கிட்டால் இந்தக் கட்டுரை முடியாது.

கனடாவில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு டோக் பார்க் என்றால் தெரியும். ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்குத்தான் சொல்லவேண்டும். அங்கே நாயைத் தெருவில் அவிழ்த்துவிடக்கூடாது, சட்டம். அப்படியென்றால் நாய் எங்கே ஓடுவது? அதற்கென்று நகரசபையே பெரிய காணியைச் சுற்றி வேலி அடைத்து வைத்திருக்கிறது. உள்ளே போக இரண்டு படலை. ஒன்றைச் சாத்திவிட்டுத்தான் மற்றதைத் திறக்கலாம். காணிக்குள்ளும் இரண்டு பங்கு, பெரிய நாய்களுக்கு ஒன்று, சின்ன நாய்களுக்கு ஒன்று. இதை முதன்முதலில் டெலிபோனில் சொன்னபோது என் அண்ணை இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு, "நாய்க்குக் காணி குடுத்திருக்கினமோ? காணி உறுதி ஆற்றை பேரிலை?" என்று கேட்டார். ஒரு முழ வேலிக்காகப் பக்கத்து வீட்டுடன் கோடு ஏறி வழக்காடிய குடும்பம் நாங்கள். வேறு என்னதான் கேட்பார்?

சின்ன நாய்களின் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு மனிசி மட்டும் தன் நாயை மடியில் வைத்துக்கொண்டு இருப்பாள். சனமும் சிரிப்பும் கோப்பியும் எல்லாம் பெரிய நாய்களின் பக்கத்தில்தான். வீட்டில் தனியே இருந்து அலுத்துப்போன எனக்கு அந்தப் பக்கம் போகத்தான் கால் இழுத்தது. சின்ன நாய் இங்கே வேண்டாம் என்று அறிவித்தல் பலகையில் எழுதியிருந்தது. வாசித்தேன். யாழ்ப்பாணத்து ஆட்கள் அறிவித்தல் பலகையைக் கட்டாயம் வாசிப்பார்கள், அதன்படி நடப்பது வேறு விசயம். உள்ளே போனால் எல்லோரும் ஒரே பல்லவிதான்: "டோன்ட் வொரி, ஹீ இஸ் ஃப்ரெண்ட்லி." டேவ் என்று ஒருவர். அவருடைய ரூஃபஸ் ஒரு கன்றுக்குட்டி உயரம். அதுவும் ஃப்ரெண்ட்லியாம்.

ஒரு நாள் ரூஃபஸ் டொஃபியைத் துரத்தத் தொடங்கியது. மற்ற நாய்களும் சேர்ந்துகொண்டன. முதலில் எல்லாம் குரைத்துக்கொண்டு ஓடின, நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். திடீரென்று குரைப்பு நின்றது. ஓட்டம் மட்டும் நிற்கவில்லை. டொஃபி வீல் என்று கத்தினான். அவ்வளவுதான், பாய்ந்து போய் அவனைத் தூக்கினேன். தூக்கியதுதான் பிழை. ரூஃபஸ் என் நெஞ்சுக்கு மேல் பாய்ந்தது, நான் சேற்றுக்குள் விழுந்தேன், டொஃபி கையில் இருந்து நழுவி மறுபடி ஓடினான். டேவ் கோப்பிக் கோப்பையுடன் நின்று, "ஹீ இஸ் ஜஸ்ட் பிளேயிங்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் எங்கிருந்துதான் இங்கிலீஷ் வந்ததோ, "யுவர் டோக் பிளேயிங்! மை டோக் டையிங்!" என்று கத்தினேன்.

கத்திவிட்டு, எங்கள் ஊரில் பிறந்த எவரும் என்ன செய்வார்களோ அதைச் செய்தேன். கல் எடுக்கக் குனிந்தேன். கையில் கல் வந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை. பருத்தித்துறையில் அதற்குத் தேவையும் இல்லை. கை நிலத்துக்குப் போக முன்னமே நாய் அடுத்த ஒழுங்கையில் நிற்கும். ஆனால் அங்கே நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ரூஃபஸ் உட்பட அத்தனை நாயும் துரத்துவதை விட்டுவிட்டு என்னிடம் பறந்து வந்து, வட்டமாகக் குந்தியிருந்து, வாலை ஆட்டிக்கொண்டு என் கையையே பார்த்தன. பந்து எறியப் போகிறேனாம்! பிறந்ததில் இருந்து ஒரு கல்லெறி வாங்காத நாய்கள். டேவுக்கும் அப்படித்தான் விளங்கியிருக்கிறது. "நைஸ்! யூ பிரோட் எ போல்!" என்று சந்தோசப்பட்டார்.

சின்னப் பக்கத்து மனிசி வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டு ஏச்சுக் கொடுத்தாள். சின்ன நாயைத் தூக்கினால் பெரிய நாய்க்கு அது மரத்தில் ஏறின அணில் மாதிரியாம், பாயாமல் என்ன செய்யும்? பொக்கெற்றுக்குள் பிஸ்கட் வைத்திருக்காதே, டெலிபோனைப் பார்க்காதே, குரைப்பு நின்றால் உடனே கூப்பிட்டுக்கொண்டு வெளியே போ என்று சொல்லித் தள்ளினாள். பெரிய நாய் விளையாட்டாகவே மேலே வைத்த ஒரு காலில் சின்ன நாயின் முதுகு முறிந்ததை அவள் கண்டிருக்கிறாளாம். அன்றில் இருந்து நாங்களும் சின்னப் பக்கத்து ஆட்கள். நான் குனிந்தால் பந்து வரும் என்று டொஃபி படித்தது அங்கேதான். எங்கே நின்றாலும், நான் குனிந்தால் ஓடி வந்து முன்னால் குந்தியிருப்பான்.

இவ்வளவையும் அண்ணைக்கு ஆறுதலாக விளங்கப்படுத்தினேன். அண்ணையிடம் சொந்தமாகப் படகு இருக்கிறது, எதைப் பற்றியும் ஒரு முடிவான கருத்தும் இருக்கிறது. "பெரிய நாய்க்கு ஒரு பக்கம், சின்ன நாய்க்கு ஒரு பக்கமோ? அங்கையும் சாதி பாக்கினமோ?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். "கயித்தை அவிட்டு விடு பிள்ளை. நாய்க்கு நாய் பழகும்." நான் அவிழ்க்கவில்லை. அவர் ஒரு நாள் காலை, படகுகள் கரையேறுகிற நேரம், நான் மீன்காரியுடன் கதைத்துக்கொண்டு நிற்கையில், அவிழ்த்துவிட்டார்.

எங்கள் கடற்கரை நாய்கள் மீன் குடலும் தலையும் தின்று வளர்ந்தவை. அவற்றுக்கு ஃப்ரெண்ட்லி என்ற கதையே இல்லை. முதலில் குரைப்புக் கேட்டது, திரும்பினேன். பிறகு குரைப்பு நின்றது. அந்த அமைதி எனக்குத் தெரிந்த அமைதி. டொஃபி படகுகளுக்கு நடுவே சுழன்று ஓடினான், காது கிழிந்த ஒரு மஞ்சள் நாய் அவன் முதுகில் கவ்விவிட்டது. எனக்கும் அவனுக்கும் நடுவில் வலையும் கயிறும் கிடந்தன. ஓடிப் போய்ச் சேர முடியாது. "அட அறுவானே!" என்று கத்திக்கொண்டு குனிந்தேன்.

வெறும் மணல், கல்லே கிடையாது. ஆனால் என்ன, இது பருத்தித்துறை! மஞ்சள் நாய் வாயில் இருந்ததைப் போட்டுவிட்டு எடுத்தது ஓட்டம். மற்றவையும் போன இடம் தெரியவில்லை. டொஃபி மட்டும் ஓடவில்லை. முதுகில் இரத்தம் வழிய, நொண்டி நொண்டி, வலைக்கு மேலால் ஏறி என்னிடம் வந்தான். வந்து, முன்னால் குந்தியிருந்து, என் கையைப் பார்த்தான். பந்து எங்கே என்று கேட்டுக்கொண்டு இருந்தான். நான் மணலில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதேன், சுற்றி நின்ற சனம் என்ன நினைக்கும் என்றெல்லாம் பார்க்கவில்லை.

ஓட்டோவில் மிருக வைத்தியரிடம் ஓடினோம். தையல் போட்டு, ஊசி போட்டு, பிழைத்துவிடுவான் என்று அந்தப் பிள்ளை சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. போகவும் வரவும் அண்ணை டொஃபியைத் தன் மடியிலேயே வைத்திருந்தார். வீட்டுக்கு வந்ததும், "என்னாலைதான் பிள்ளை" என்றார். ஏசவேண்டும் என்றுதான் இருந்தேன், அவருடைய முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். அடுத்த நாள் விடிய எழும்பிப் பார்க்கிறேன், வீட்டு வளவுக்குள் மனுசன் வரிசையாகக் கிடங்கு கிண்டுகிறார். பூவரசங் கதியாலை வேலியாக நட்டு, பழைய வலையை இரட்டையாகச் சுற்றி, நான் சொன்ன மாதிரியே இரண்டு படலை வைத்து, மத்தியானத்துக்குள் ஒரு டோக் பார்க் போட்டு முடித்துவிட்டார். "சின்ன நாய்க்கு ஒண்டு போட்டாச்சு. பெரிய நாய்க்கு ஊர் முழுக்கக் கிடக்கு" என்றார். பின்னேரம் பக்கத்து வீட்டார் தங்கள் குட்டி நாயையும் தூக்கிக்கொண்டு வந்து, எங்களுடையதையும் விடலாமோ என்று படலையில் நின்றார்கள்.

ஷாமினிக்கு நான் சொல்லவில்லை. வீடியோவில் கதைக்கும்போது டொஃபியின் தலையை மட்டும் காட்டினேன். அந்த மடையன் ஒரு நாள் வாலை ஆட்டிக்கொண்டு திரும்பினான்.

"அம்மா, முதுகிலை சடை எங்கை?"

"வெயிலெண்டு வெட்டிவிட்டனான் பிள்ளை."

"தையலும் வெயிலுக்கோ?"

சொன்ன சொல் சொன்ன சொல்தான். விமானத்துக்குப் பதிந்தாகிவிட்டது, அடுத்த கிழமை போகிறோம். இனிமேல் ஊர்க் கதையே இல்லை என்றாளே, அதுதான் என்னை அரித்தது. அவள் கதைத்துக்கொண்டிருக்கையிலேயே அண்ணை என் கையில் இருந்த டெலிபோனைப் பறித்துக்கொண்டு வளவுக்குள் போனார். "இஞ்சை பார் மோனை, ரெண்டு படலை. ஒண்டைப் பூட்டினால்தான் மற்றது. சின்ன நாய்க்கு மட்டும்தான். நானே வாசலிலை கதிரை போட்டு இருப்பன்." ஷாமினி சிரிக்கிற சத்தம் எனக்கு முற்றத்துக்குக் கேட்டது. "சரி மாமா, இப்ப அம்மாவை அனுப்புங்கோ. அடுத்த முறை பாப்பம்" என்றாள். பாப்பம் என்பது எங்கள் வீட்டில் அரைவாசி ஓம்.

நேற்றுப் பின்னேரம் டொஃபியை நீளக் கயிற்றில் கட்டிக் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். காயம் ஆறி, சடை முளைக்கத் தொடங்கிவிட்டது. மீன்பெட்டிக்காரர் இப்போது கேள்வி கேட்பதில்லை, "அணில் எப்பிடி?" என்று சுகம் விசாரிக்கிறார். அண்ணை பின்னால் தடியோடு வந்தார், காவலாம். மணலில் நடக்கையில் என் செருப்பு வார் கழன்றது. பூட்டுவதற்குக் குனிந்தேன்.

தூரத்தில் படுத்திருந்த மஞ்சள் நாயும் கூட்டமும் எழும்பிப் பறந்தன. டொஃபியும் ஓடினான். ஐயோ, என்னைக் கண்டு என் நாய் ஓடுகிறதே! ஆனால் அவன் முழுக்க ஓடவில்லை. பாதி வழியில், கயிறு இன்னும் தளர்ந்து கிடக்க, தானாகவே நின்றான். திரும்பிப் பார்த்தான். முன்னங்கால் ஒன்று மேலே தூக்கியபடி, வால் ஆடுவதா வேண்டாமா என்று தெரியாமல், என் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"என்ன பிள்ளை, இடுப்புப் பிடிச்சிட்டுதோ?" என்றார் அண்ணை.

"இல்லை அண்ணை."

நிமிர்ந்தால் அவன் எந்தப் பக்கம் ஓடுவான் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால், வெறுங்கையை மணலில் ஊன்றிக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம் குனிந்தபடியே நின்றேன்.