கிண்ணியாச் சகனில் மிஞ்சிய இரண்டு பங்கு

தமிழ் பேசும் மக்கள் எல்லாரும் ஒன்று என்று மேடையில் முழங்கும் யாழ்ப்பாணத்தார் முஸ்லிம் வீட்டில் சோறு தின்ன மாட்டார்கள். சோடா குடிப்பார்கள், வாழைப்பழம் உரித்துத் தின்பார்கள், வெற்றிலை போடுவார்கள். சோறு மட்டும் இறங்காது. போன மாதம் கிண்ணியாவுக்குப் போய் இதைக் கண்ணால் கண்டேன். கண்டதோடு நிற்கவில்லை, நானும் அதைத்தான் செய்தேன்.

போனது றபீக்கின் கலியாணத்துக்கு. ஆசிரியர் பயிற்சிக் கலாசாலை விடுதியில் றபீக், குகதாசன், நான் மூவரும் இரண்டு வருடம் ஒரே அறையில் கிடந்தவர்கள். குகதாசன் இப்போது கூட்டங்களில் பேசுகிறான். நன்றாகவே பேசுவான். வடக்கும் கிழக்கும், சைவனும் முஸ்லிமும், ஒரே மொழி, ஒரே மண் என்று அவன் தொடங்கினால் கைதட்டு நிற்காது.

யாழ்ப்பாணத்தில் காலை ஐந்தே முக்காலுக்கு பஸ். வவுனியாவில் இறங்கி மாற வேண்டும். மொத்தம் ஏறத்தாழ நூற்றைம்பது மைல், செலவு ஒன்பது ரூபா சொச்சம். பையில் அரிசி வைத்திருக்காதீர்கள், அரிசி கொண்டுபோகத் தடை, வழியில் இறக்கிச் சோதிக்கிறார்கள். எங்கள் பஸ்ஸில் ஒரு அம்மாவின் இரண்டு கொத்து அரிசிக்காக முக்கால் மணித்தியாலம் வெயிலில் நின்றோம். திருகோணமலைக்கு வந்து சேர இரண்டு மணியாகிவிட்டது. இரவு ஓர்ஸ் ஹில்லில் குகதாசனின் ஒன்றுவிட்ட தமையனுடைய குவாட்டர்ஸில் தங்கினோம். அங்கிருந்து பார்த்தால் உட்துறைமுகம் முழுவதும் தெரியும்.

வெள்ளி காலை கிண்ணியா பஸ். பன்னிரண்டு மைல், எழுபத்தைந்து சதம். சீனன்குடாவில் வேலிக்குப் பின்னால் எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் வரிசையாகப் படுத்திருக்கும். அங்கே கமராவை வெளியே எடுக்க வேண்டாம். பஸ் கரையோடு நின்றுவிடும். அப்பால் போகப் 'பாதை' இருக்கிறது. ஆட்களையும் லொறிகளையும் ஏற்றிக் கடத்தும் மிதவைக்கு இங்கே அதுதான் பெயர். அவசரமென்றால் பக்கத்தில் தோணி, பத்துச் சதம்.

றபீக் இக்கரைக்கே வந்து நின்றான். மாப்பிள்ளை சைக்கிளில் வந்து நிற்பதைப் பார்த்துத் தோணிக்காரர் பகிடி விட்டார்.

"என்ன மாஸ்டர், இண்டைக்கும் பள்ளிக்கூடமா?"

"கூட்டாளிமாரைக் கூட்டிட்டுப் போக வந்தனான் காக்கா. இவனுகளை விட்டா வழியில எங்கயும் மீற்றிங் வெச்சிருவானுகள்."

தோணியில் வைத்துத்தான் சொன்னான். "மச்சான், வாப்பாவுக்கும் எனக்கும் ஒரு கதை. யாழ்ப்பாணத்தார் எங்கட சகனில இருக்க மாட்டாங்களாம், தனிப் பீங்கான் எடுத்து வைக்கட்டாம். நான் சொல்லிட்டன், மத்தவங்க எப்பிடியோ, இவனுகள் அப்பிடியில்லை, என்ர பக்கத்திலதான் இருப்பானுகள் எண்டு. எங்கட சகனில மாடு இல்லை, ஆடுதான். சொல்லி அறுப்பிச்சனான்."

குகதாசன் அவன் தோளில் தட்டினான். "நாங்கள் ஒரே சனம் மச்சான். அதை வாப்பாவுக்கு நான் சொல்லுறன்."

சகன் தெரியாதவர்களுக்காக: பெரிய தாம்பாளத்தில் நெய்ச்சோற்றைக் குவித்து, மேலே இறைச்சிக் கறி வைத்து, ஆறு பேர் பாயில் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுவது. ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் உள்ளதைத்தான் எடுப்பார், அடுத்தவரின் பக்கத்துக்குக் கை போகாது. ஆளை யார் மதிக்கிறார்கள் என்பது யாருடைய சகனில் இருத்துகிறார்கள் என்பதில் தெரியும்.

ஜும்ஆ தொழுகை முடிந்து பந்தலில் நூறு பேருக்கு மேல். எங்கள் சகனில் றபீக், அவனுடைய வாப்பா, வாப்பாவின் தம்பியான சாச்சா, ஒரு மச்சினன், நாங்கள் இருவர். ஆறு பேர் சரி. வாப்பா வேறு யாரையும் விடாமல் தானே கெண்டியைத் தூக்கி எங்கள் கைகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். சகன் வந்தது. மூடியைத் திறந்தார்கள். எல்லாரும் விருந்தாளிகள் முதலில் கை வைக்கட்டும் என்று எங்களைப் பார்த்தார்கள்.

குகதாசன் கழுவிய கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"குறை நினைக்காதையுங்கோ. வெள்ளிக்கிழமையில நாங்கள் ரெண்டு பேரும் மச்சம் மாமிசம் தொடுறேல்லை. விரதம்."

விடுதியில் எந்த வெள்ளிக்கிழமையும் அவன் விரதம் இருந்ததில்லை. எனக்கும் எந்த விரதமும் இல்லை. இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். நான் சொல்லவில்லை. பயந்து சொல்லாமல் விட்டேன் என்றால் கொஞ்சம் மானம் மிஞ்சும். உண்மை அதுவுமில்லை. ஐந்து பேர் பிசையும் சோற்றில் கை வைக்கத் தேவையில்லை என்றதும் என் வயிற்றுக்குள் ஒரு நிம்மதி வந்தது. புத்தகம் படித்து, சாதி சமயம் பேசுகிறவர்களைத் திட்டி வளர்த்த வயிறு அது.

வாப்பா மகனைப் பார்த்தார். றபீக் எங்களைப் பார்க்கவில்லை.

"ஓம் வாப்பா, விரதம்தான். நான்தான் நாளை மறந்து போனன்," என்றான்.

"அதுக்கென்ன மருமகன்," என்றார் வாப்பா என்னிடம். "வேற சட்டியில வெறுஞ்சோறும் பருப்பும் ஆக்கித் தரச் சொல்லட்டா? அரை மணித்தியாலம்."

"வேண்டாம் ஐயா, ஒரு நேரம்தான். இரவைக்குத்தான் சாப்பாடு," என்றான் குகதாசன்.

சாச்சா எழுந்தார். "கரைச்சல்படாதீங்க காக்கா. நான் நேத்தே ஒரு சீப்பு கதலி வாங்கித் தொங்கவிட்டிருக்கன்." பக்கத்துச் சகனில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

எங்களைச் சுவரோரம் வேறு பாயில் இருத்தினார்கள். வாழைப்பழமும், எருமைத் தயிர் ஒரு முட்டியும். குகதாசன் பழத்தை உரித்தான். முட்டி கட்டிய வாயோடு அப்படியே இருந்தது. எங்கள் இடத்துக்கு யாரையும் கூப்பிடவில்லை. நான்கு பேர் சாப்பிட்டு எழும்பியபோது சகனில் இரண்டு பங்கு சோறு வெட்டி வைத்த வரம்பு மாதிரி நின்றது. அவர்கள் வயலில் விளைந்து, தடைக்காலத்தில் மகனின் கலியாணத்துக்கென்று ஒதுக்கிய நெல்.

மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் புறப்பட இரவு ஏழு மணியாகும். அதுவரை நிற்பதாகத்தான் வந்தோம். குகதாசனுக்கு மூன்று மணிக்கே நகரத்தில் அலுவல் வந்துவிட்டது. கரை வரைக்கும் றபீக் வந்தான். "கவனமாப் போங்க," என்றான். விடுதியில் இரண்டு வருடமும் எங்களை 'போங்கடா' என்றுதான் அனுப்புவான், வெறும் 'போங்க' அவன் வாயில் வந்ததே இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஆவணிக்கு முன் போங்கள், மாரியில் தோணி ஆபத்து. குளிக்க உப்புவெளி நல்லது. கிண்ணியாவில் தங்க விடுதி இல்லை, வீடுகள் இருக்கின்றன, கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் சாப்பிட ஏலுமா என்று வீட்டிலேயே உங்களைக் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள், அங்கே போய்க் கழுவிய கையை மடியில் வைக்காதீர்கள். செவ்வாயும் வெள்ளியும் சாப்பாட்டுக் கடைகளில் சோறு விற்கத் தடை. பாண்தான், அதுவும் நேரத்தோடு போனால்.

அன்று நாங்கள் திருகோணமலை பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த கடையில் ஏறினோம். குகதாசன் கதிரையை இழுத்துப் போட்டுப் பாணும் ஆட்டிறைச்சிக் கறியும் சொன்னான். வந்தது. வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலு மணி.

"விரதம் முடிஞ்சுதோ?" என்று கேட்டேன்.

"கத்தாதை. பசிக்குது."

நான் தனியாக எழும்பிக் கிண்ணியாவுக்குத் திரும்பிப் போயிருக்கலாம். அந்தப் பாயில் தனியாகப் போய் இருக்க எனக்கும் துணிவு வரவில்லை. அவனும் வர வேண்டும் என்று நின்றேன்.

"நாலரைக்குக் கிண்ணியா பஸ் இருக்கு," என்றேன். "மாப்பிள்ளை வெளிக்கிட முன்னம் போயிடலாம். பெண்வீட்டிலையும் சகன்தான். அவன்ர வாப்பாவுக்கு முன்னால இருந்து நாங்கள் ரெண்டு பேரும் சாப்பிடுவம். எழும்பு."

அவன் பாணைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தான்.

"குகதாசன், எழும்பு."