தாயத்து நார்மல், முதுகுதான் படத்தில் இல்லை

இன்று மதியம் ஒரு எக்ஸ்ரே சென்டரில், பத்துப் பேர் முன்னால், என் சட்டை தூக்கப்பட்டது!

தூக்கியது என் மனைவி செல்வி. (தப்பாக நினைக்காதீர்கள். கோபத்தில்தான்.)

போன வாரம் எங்கள் தாராவி வீட்டு இரும்பு ஏணியில் இறங்கும்போது, கடைசி நாலு படியை விட்டுவிட்டு நேராகத் தரையில் உட்கார்ந்தேன். என் எடைக்குத் தரை தப்பித்ததே பெரிது.

முதுகு போச்சு.

பக்கத்து எக்ஸ்ரே சென்டருக்குப் போனேன். டெக்னீஷியனுக்குக் காதில் இயர்போன், தலையில் என்னைவிட நரை. "அங்கிள், லேட் ஜாவ்" என்று படுக்கச் சொன்னார். (அங்கிளாம்!)

படுத்தேன். சட்டையை விலக்கினார். தொப்பைக்குக் கீழே என் அரைஞாண் கயிறு தெரிந்தது. அதுதான் இடுப்பு என்று, மெஷின் லைட்டின் கூட்டல் குறியை அந்தக் கயிற்றின் மேலேயே வைத்தார். டப்! முடிந்தது.

விரல் நுனிகூட என் மேல் படவில்லை.

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. நார்மல்!

"ஒண்ணும் இல்லன்னு எழுதிருக்கில்லா? பொறவு எதுக்குக் கெடந்து மொனங்குதிய? எந்திச்சு அந்த சிலிண்டரைத் தூக்கி உள்ள வைங்க" என்றாள் செல்வி.

தூக்கினேன். கண்ணில் பூச்சி பறந்தது. அன்றிலிருந்து வீட்டில் எனக்குப் பெயர் நடிகர்.

வலி தாங்காமல் இன்று காலை செம்பூரில் எலும்பு டாக்டரிடம் போனோம். தமிழர். முதுகை அழுத்திப் பார்த்துவிட்டு, படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"நடு சென்டர்ல பளிச்சுன்னு இருக்கே, என்ன சார் இது?"

"கயித்துல கட்டுன தாயத்து, டாக்டர்."

"தாயத்து அருமையா விழுந்திருக்கு. அடிபட்ட எலும்பு இன்னும் மேல. அது படத்துலயே இல்லை!"

அங்கேயே மறுபடி எக்ஸ்ரே. பெண் டெக்னீஷியன், "ஹாத் லகாவூம், காகா?" என்று தொட அனுமதி கேட்டுவிட்டு, இரண்டு பக்கமும் விரலை அழுத்தி, என் கொழுப்பையெல்லாம் கடந்து (நெடும்பயணம்), இடுப்பெலும்பின் மேல்விளிம்பைப் பிடித்தார். "மில் கயா!" (கிடைத்துவிட்டதாம்.) அங்கிருந்து அளந்துதான் முதுகுக்குக் குறி வைத்தார்.

படத்தில் விரிசல்.

"இன்னொரு சிலிண்டர் தூக்கியிருந்தா நொறுங்கியிருக்கும்" என்றார் டாக்டர்.

செல்வி என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள். ஆட்டோவில் ஏறியதும் பழைய சென்டருக்கு வழி சொன்னாள்.

அங்கே படத்தை நீட்டி, ஏன் தொட்டுப் பார்க்கவில்லை என்று கேட்டேன். இயர்போன்காரர் சொன்னார்: "அங்கிள் கா கமர் ஜஹா ஹோனா சாஹியே, வஹா நஹீ ஹை!"

என் இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் இல்லையாம்!

"கயிறு இறங்கும்யா! தொப்பை இறங்கும்! எலும்பு இறங்குமா?" என்று கத்தினேன்.

அப்போதுதான் சட்டை தூக்கப்பட்டது. செல்வி அவர் கையைப் பிடித்து என் இடுப்பில் அழுத்தினாள்.

"தொட்டுப் பாரும்! இதாம் எலும்பு! நீரு குடுத்த காயிதத்தை நம்பி இந்த மனுசனை நான் சிலிண்டர் தூக்க வச்சிட்டேனே!"

குரல் உடைந்துவிட்டது. அவருக்குத் தமிழ் தெரியாது. இயர்போனைக் கழற்றினார்.

வரிசையில் முட்டி வீங்கி உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்தார். "பாய், பஹலே ஹாத் லகா. ஃபிர் ஃபோட்டோ!" முதலில் தொடு, அப்புறம் படம் என்கிறார்.

இதைப் படுத்தபடியே டைப் செய்கிறேன். சிலிண்டரைச் செல்வியே உருட்டிக்கொண்டு போகிறாள். நடிகர் என்று இன்று கூப்பிடவில்லை.

உங்களுக்கு எக்ஸ்ரே எடுத்தவர் எலும்பைத் தொட்டுப் பார்த்தாரா? இல்லை, உங்களிடமும் தாயத்துப் படம்தான் இருக்கிறதா?